மலையடிவாரத்தில் சைக்கிள்: அனுமதியும் முள்ளும்

கேள்வி: வீடு வேலூர் சத்துவாச்சாரியில். போன மாதம் 29 அங்குல மவுண்டன் பைக் வாங்கினேன். ஞாயிறு காலையில் பக்கத்திலேயே மண்பாதையில் ஓட்ட ஆசை. ஒருவர் தலைக்கு 1,500 ரூபாய் கொடுத்தால் ஜவ்வாது மலைக் காட்டுக்குள் கூட்டிப்போகிறேன், அனுமதியெல்லாம் பேசியாச்சு என்கிறார். நம்பலாமா? இங்கேயே ஓட்டினால் வாரம் தவறாமல் பஞ்சர்.

பதில்: பணம் கொடுக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் போக மாவட்ட வன அலுவலர் வழியாக எழுத்தில் அனுமதி வர வேண்டும். வனக் காவலரிடம் (வாட்சர்) பேசி வைப்பது அனுமதி ஆகாது. உத்தரவில் தேதி, பாதை, போகிறவர்களின் பெயர் இருக்கிறதா, பணத்துக்கு அரசு ரசீது உண்டா என்று கேளுங்கள். "என் நம்பருக்கு அனுப்புங்க" என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பிடிபட்டால் வழக்கு உங்கள் பெயரில்தான் எழுதப்படும். கூட்டிப்போனவர் அந்த நேரம் பக்கத்தில் இருக்கமாட்டார். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்தபிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன. 2024இல் அரசு இணைய முன்பதிவோடு திறந்த 40 பாதைகளும் நடப்பவர்களுக்கானவை. அந்தச் சீட்டோடு சைக்கிளை ஏற்ற முடியாது.

ஒரு விலக்கு உண்டு. அதைத்தான் பலரும் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். காட்டை ஊடறுத்துப் போகும் பொதுச்சாலையில் போகத் தடையில்லை. கணியம்பாடி வழியாக அமிர்தி போகும் தார்ச்சாலையில் மற்ற வண்டிகள்போல நீங்களும் போகலாம். டயர் தாரை விட்டுக் காட்டுப் பக்கம் இறங்கியதுமே அந்த விலக்கு முடிந்துவிடும். பிரிந்து போகும் ஜீப் தடம் வனத்துறையுடையது. சரி, மலை ஊரில் பட்டா வைத்திருப்பவர் "என் நிலத்தில் ஓட்டிக்கோங்க" என்றால்? அவர் நிலத்துக்குள் ஓட்டலாம். அங்கே போகும் ஒற்றையடிப் பாதை காட்டுக்குள் இருந்தால், அதில் போய்வரும் வழக்கம் அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே. அவர் அழைத்ததால் அது உங்களுக்கும் சேர்ந்துவிடாது. பொதுச்சாலை அவர் வரப்புவரை போனால் சிக்கலில்லை. காட்டு எல்லை தொடங்கும் இடத்தில் தெளிவான பலகை வைத்தாலே பாதித் தொல்லை தீரும். முள்புதர் மூடிய கல்குவியலைப் பார்த்து எல்லை இதுதான் என்று புதிதாக வருபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

வேலூரைச் சுற்றிக் கொல்லைகளுக்கு நடுவே போகும் பழைய மாட்டுவண்டித் தடங்கள்தான் உங்களுக்கு ஏற்றவை. கிராமக் கணக்கில் இவை பெரும்பாலும் 'வண்டிப்பாதை' என்ற பெயரிலேயே புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். கைபேசி வரைபடத்தில் ஒரு தடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் அதன் புல எண்ணைக் கேளுங்கள். ஊர் வரைபடத்தைச் சுவரில் மாட்டி வைத்தால் முடிகிற காரியம் இது. ஆனாலும் இரண்டு மூன்று நடை அலைய வேண்டியிருக்கும். எண் கிடைத்தால், நிலம் என்ன வகை என்று காட்டும் 'அ' பதிவேட்டை வருவாய்த்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். பாதை என்று இருந்தால் ஓட்டுங்கள், பட்டா என்றால் நிலத்துக்காரரைக் கேளுங்கள், காடு என்றால் திரும்பிவிடுங்கள்.

ஏரிக்கரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஓட்ட வேண்டாம். ஈரக்கரையில் டயர் கீறிய பள்ளத்தில் தண்ணீர் ஓடிக் கரையை அரிக்கும். பாலாற்று மணலில் இறங்காதீர்கள், மணல் அள்ளிய குழி கண்ணுக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் ஐந்தரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீடு வந்து சேருங்கள். மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

இனி பஞ்சர். கடையில் 50, 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்து அனுப்புகிறார்கள். அந்த அழுத்தத்தில் டயர் கல்லைப் பிடிக்காமல் துள்ளும். நீங்கள் 70 கிலோ அளவில் இருந்து, டயர் 2.1 அல்லது 2.25 அங்குலமாக இருந்தால் முன்னால் 28, பின்னால் 32 போதும். இன்னும் குறைத்தால் கல்லில் மோதும்போது ரிம் டியூபைக் கடிக்கும். அப்போது பாம்பு கடித்ததுபோலப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஒரே ஓட்டை என்றால் பெரும்பாலும் முள்.

டியூப்லெஸ் (டியூப் இல்லாத டயர்) ஆக்கித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் ரிம்மில் அதற்கான குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண ரிம்மில் டேப் ஒட்டிக் கொடுத்தால் வளைவில் காற்று வெளியேறி டயர் கழன்றுவிடலாம். அதைவிட, வால்வு ஊசியைக் கழற்றி டியூபுக்குள் 100 மில்லி சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், திரும்ப ஊற்ற வேண்டும்.

ஒட்டுப்போட்ட மறுநாளே காற்று இறங்கினால், பெரும்பாலும் சீமைக்கருவேல் முள்ளின் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கிறது என்று அர்த்தம். டயரை மாட்டும்போதே அதன் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வரும்படி வையுங்கள். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரமோ, டயரில் பெயரிலிருந்து இரு பக்கமும் அதே தூரத்தில் பஞ்சை வைத்து உட்புறம் தேயுங்கள். நுனி இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும். வெளியிலிருந்து பிடுங்க வராது. உள்ளேயிருந்து குறடால் இழுங்கள்.