வாத ஆய்வுக் கட்டுரை: உங்கள் கருத்து வேண்டாம்

பயிற்சிக் கட்டுரையை அனுப்பி, மதிப்பெண் ஏன் ஏறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். வாத ஆய்வுக் கட்டுரை என்பது, தேர்வில் தரப்படும் ஒரு வாதம் எவ்வளவு உறுதியானது என்று அலசி எழுதுவது. அந்த வாதத்தின் முடிவு சரியா தவறா என்று நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம். அது எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது, அந்த அனுமானம் பொய்த்தால் முடிவு என்னாகும் என்று மட்டும் எழுதுங்கள்.

'கட்டணம் குறைந்தது, பேருந்தில் கூட்டம் கூடியது, ஆகவே எல்லா நகரங்களும் குறைக்கட்டும்' என்ற வாதத்துக்கு நீங்கள் எழுதியதில் பாதி, பொதுப் போக்குவரத்தின் நன்மைகள்தான். மதிப்பெண் ஏறாததற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். கட்டணம் குறைந்த அதே சமயத்தில் பெட்ரோல் விலையும் ஏறியிருந்தால்? புது வழித்தடம் வந்திருந்தால்? இப்படி மாற்றுக் காரணத்தைக் காட்டி, எந்தத் தகவல் கிடைத்தால் சந்தேகம் தீரும் என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம், எழுதி முடித்ததும் 'என் கருத்தில்' எங்கே வருகிறது என்று தேடுங்கள், அந்தப் பத்தி பெரும்பாலும் தடம் மாறியிருக்கும்.

ஆனால் நீங்கள் எழுதப்போவது ஜிஆர்இ (வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கான தேர்வு) என்றால், அதில் 2023 செப்டம்பரிலிருந்து இந்த வாத ஆய்வுப் பகுதியே கிடையாது, ஒரு பொருள் பற்றி உங்கள் சொந்தக் கருத்தை எழுதும் இஷ்யூ கட்டுரை மட்டும்தான். கையில் இருப்பது பழைய புத்தகமா என்று பார்த்துவிடுங்கள்.