எனாமல் ஏன் பொரிகிறது, ஏன் உதிர்கிறது? பீங்கானிலும் கண்ணாடியிலும் தீட்டிச் சூளையில் சுடுகிற எனாமல் வண்ணம் பற்றிச் சுங்கை சிப்புட்டில் வந்த கேள்விகள்

கேள்வி: அக்கா, தீபாவளிக்குக் கண்ணாடி விளக்குக் கிண்ணம் செய்தேன். பீங்கானுக்கு வாங்கிய எனாமலையே தீட்டி 780 டிகிரியில் சுட்டேன். கிண்ணம் குழைந்து சாய்ந்துவிட்டது.

பதில்: எனாமலில் குறை இல்லை தங்கச்சி, இடம்தான் மாறிப்போச்சு. பீங்கான் எனாமல் 720 முதல் 830 டிகிரி வரையில் உருகிப் பிடிக்கும். சாதாரணக் கண்ணாடியோ 700க்கு முன்பே வளையும். கண்ணாடிக்கென்று தனி எனாமல் விற்கிறார்கள். பெரும்பாலும் 540 முதல் 600க்குள் உருகும். சுட்டபின் 540ஐ ஒட்டிச் சூட்டை அரை மணி நேரம் நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். அவசரப்பட்டுச் சூளை மூடியைத் திறந்தால், அன்றைக்குத் தப்பினாலும் பிறகு அலமாரியில் சும்மா இருக்கும்போதே விரிசல் விடலாம்.

சூடு தாங்குகிற போரோசிலிகேட் கண்ணாடியில் இந்த எனாமலைத் தீட்டவே வேண்டாம். அது சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடியில் பாதிகூட இல்லை. ஆறும்போது எனாமல் மட்டும் கூடுதலாகச் சுருங்கிச் செதில் செதிலாக உதிரும்.

கேள்வி: டைலில் செம்பருத்தி வரைந்தேன். இதழெல்லாம் கொப்புளம், தட்டினால் பெயர்ந்து வருகிறது.

பதில்: அதிகமாக வருகிற புகார் இதுதான். கனமாக அப்பியிருப்பீர்கள். மேல்புறம் முதலில் இறுகி, எனாமலைக் குழைத்த எண்ணெய் உள்ளே மாட்டிப் புகையாகி முட்டியிருக்கும். தீட்டிய பூச்சின் வழியே டைலின் வெள்ளை மங்கலாகத் தெரியவேண்டும், அதுதான் அளவு. அடர் சிவப்பு வேண்டுமானால் மெல்லிசாகத் தீட்டிச் சுட்டு, மறுபடி தீட்டிச் சுடுங்கள்; ஒரே பூச்சில் ஆசைப்படாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் எண்ணெய் காய நாளாகும், விரலில் ஒட்டுகிற நிலையில் சூளைக்குள் வைக்காதீர்கள். மூடியை இரண்டு விரல் அகலம் திறந்துவைத்து, 450 டிகிரி வரை நிதானமாக ஏற்றுங்கள். எண்ணெய் வாடை நின்ற பிறகு மூடுங்கள். சன்னலைத் திறந்துவைத்து, நீங்கள் வெளியே நிற்பது நல்லது.

கொப்புளம் வந்த இடத்தை ஈரமான உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத் திரும்பத் தீட்டுங்கள். உலர்ந்தபடி தேய்த்தால் தூள் மூச்சில் ஏறும்.

கேள்வி: சிவப்பு சாம்பல் நிறமாகிவிட்டது அக்கா.

பதில்: நீங்கள் தீட்டியது காட்மியம் கலந்த சிவப்பு வண்ணமாக இருக்கும். அதற்குக் காற்று வேண்டும், அதிகச் சூடு ஆகாது. இரும்பு கலந்த பழுப்போடும் குழைக்கக்கூடாது.

கேள்வி: கோலகங்சார் பக்கம் வாங்கிய கறுப்பு லாபு சாயோங் மண்கூஜாவில் பூ வரையலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, மனசு கேட்காது. அந்தக் கறுப்பு, சுட்ட சூட்டோடு உமியில் புதைத்ததால் ஏறிய கரி. காற்றுள்ள சூளையில் 700ஐத் தாண்டினால் கரி எரிந்து மண் சிவந்துவிடும். மேலே கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சும் இல்லாததால் பளபளவென்ற பூவும் கிடைக்காது. அதன் அழகை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: தங்கக் கோடு ஊதாவாக வந்தது.

பதில்: மெல்லிசாகிவிட்டது. மேலே இன்னொரு முறை தீட்டிச் சுடுங்கள்.

கேள்வி: நான் தீட்டிய குவளையில் கோப்பி குடிக்கலாமா?

பதில்: உள்பக்கம் தீட்டியிருந்தால் வேண்டாம். ஈயமோ காட்மியமோ உள்ள எனாமலில் புளிப்புப் பட்டால் அந்த நச்சு கசியும். 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, கசிந்ததை ஆய்வகத்தில் அளப்பார்கள். வீட்டில் வினிகர் ஊற்றி நிறம் மாறவில்லை என்பதை நம்பிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வெளிப்பக்கம், அதுவும் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்குக் கீழேதான் தீட்டவேண்டும்.