வாங்கலாமா, வேண்டாமா? கேள்வி-பதில்: பச்சைக் களிம்பும் பழைய ஜெட் ஸ்கீயும்

புரட்டாசி விரதம் முடிந்தது, தீபாவளியும் முடிந்தது. இனி இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கார் கொட்டகைகளில் போர்த்திக் கிடக்கும் ஜெட் ஸ்கீகளையெல்லாம் (தண்ணீரில் ஓட்டும் மோட்டார் ஸ்கூட்டர்) வெளியே இழுப்பார்கள். அது கிளம்பாவிட்டால் எனக்குக் கடிதம் வரும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே நோய்தான்: பெட்ரோல் இன்ஜினுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

இரண்டு ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீ, 1996 மாடல். பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு திணறி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் விட்டால் மறுபடி ஓடும். கார்புரேட்டரையே (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) மாற்ற வேண்டும், 9,000 ராண்ட் ஆகும் என்கிறார் மெக்கானிக். கொடுக்கலாமா? (ஃபீனிக்ஸ்)

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை நின்றதும் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் கார்புரேட்டர் மேல் குற்றமில்லை. தொட்டியில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கென்று ஒரு சிறு குழாயும் அதில் ஒருவழி வால்வும் உண்டு. வால்வு அடைத்துக்கொண்டாலோ, யாராவது திருப்பி மாட்டியிருந்தாலோ, தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி பம்ப் இழுத்தும் பெட்ரோல் வராது. நிறுத்தி வைத்தால் காற்று மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே போகும், பிறகு ஓடும். வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள். தொட்டிப் பக்கமாகக் காற்று போக வேண்டும், எதிர்ப்பக்கம் போகக் கூடாது. முதலில் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோலின் ருசி எனக்குத் தெரியும்.

'உஸ்' சத்தம் வரவில்லையா? அடுத்து பெட்ரோல் வடிகட்டிக் கிண்ணத்தின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), அப்புறம் ஆன்-ஆஃப்-ரிசர்வ் திருகு வால்வு. கார்புரேட்டருக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும்.

ஒரு வருடமாகத் தொட்டியில் கிடக்கும் பெட்ரோலோடு புதியதைக் கலந்து ஓட்டலாமா? (ஸ்டேன்ஜர்)

கூடாது. வடித்துவிடுங்கள், சாக்கடையில் அல்ல.

போன மாதம் ஒரு டீலரிடம் பழைய ஜெட் ஸ்கீ 48,000 ராண்டுக்கு வாங்கினோம். அப்பாவின் ஓய்வுப் பணம். மூன்றாம் சனிக்கிழமை ஹேசல்மியர் அணையில் பிஸ்டன் சிக்கிக்கொண்டது. பில்லில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று எழுதியிருக்கிறது, அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் டீலர். (டோங்காட்)

அந்த ஒரு சொல்லைக் காட்டியே எத்தனை பேரை வாசலோடு திருப்பியிருக்கிறார்கள்! தங்கச்சி, அப்பாவிடம் சொல்லுங்கள், இன்னும் பணம் போய்விடவில்லை. 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்றால் இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்று அர்த்தம். அது தனி ஆள் தன் பொருளை விற்கும்போது செல்லும். விற்பதையே தொழிலாகச் செய்பவருக்கு அது கவசம் ஆகாது. 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு உங்களுக்கு 6 மாதம் தருகிறது. பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பவர் நீங்கள், அவர் அல்ல. பழைய பொருளுக்கும் இது உண்டு. "இன்ன இடத்தில் இன்ன குறை இருக்கிறது" என்று குறிப்பாகச் சொல்லி, நீங்களும் தெரிந்தே ஒப்புக்கொண்டிருந்தால்தான் அந்தக் குறைக்கு அவர் தப்ப முடியும்.

"நீங்கள் ஆயில் ஊற்றவில்லை" என்பார், பாருங்கள். அதனால் இன்ஜினை வீட்டில் பிரிக்காதீர்கள். வேறொரு மெக்கானிக்கிடம் பிரிக்கச் சொல்லி, எந்தப் பிஸ்டன், கார்புரேட்டர் சல்லடையில் என்ன இருந்தது, குழாய் எப்படி இருந்தது என்று எழுதி வாங்குங்கள், படமும் எடுங்கள். டீலருக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். அசையவில்லை என்றால் நுகர்வோர் முறையீடுகளை விசாரிக்கும் ஒம்பட் அலுவலகத்துக்குப் போங்கள். நுகர்வோருக்கு அங்கே கட்டணம் கிடையாது.

என் ஜெட் ஸ்கீ சீ-டூ கம்பெனியுடையது, 90களில் வந்தது. எட்டு மாதத்தில் ஒரே பட்டறையில் மூன்று தடவை கார்புரேட்டர் கழுவியாகிவிட்டது, தடவைக்கு 2,500 ராண்ட். ஒவ்வொரு முறையும் உள்ளே பச்சையாக ஏதோ அடைத்திருக்கிறது. பெட்ரோல் சரியில்லை, வேறு கராஜில் (பெட்ரோல் பங்க்கில்) போடுங்கள் என்கிறார்கள். (சாட்ஸ்வொர்த்)

அண்ணே, கொஞ்சம் உட்காருங்கள். இது என் வயிற்றெரிச்சல், நீளமாகத்தான் வரும்.

பெட்ரோல் கராஜ்காரர் பாவம், அவரை விடுங்கள். சீட்டைத் தூக்கி, தொட்டியிலிருந்து வரும் குழாய் என்ன நிறம் என்று பாருங்கள். சாம்பல் நிறமா? ஆள் அகப்பட்டான். அந்தக் காலத்து சீ-டூவில் வந்த சாம்பல் குழாய் வருடம் ஆக ஆக உள்ளுக்குள்ளேயே சிதைந்து பச்சைக் களிம்பாகும். வெளியே தடவினால் நேற்று வாங்கியது மாதிரி வழவழவென்று இருக்கும். களிம்பு பெட்ரோலோடு போய், கார்புரேட்டருக்குள் இருக்கும் சட்டைப் பொத்தான் அளவுச் சல்லடையில் படியும். மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. முழு வேகத்தில் பெட்ரோல் போதாமல் சூடு ஏறி, பிஸ்டன் உருகும். என்னுடையது இனாண்டா அணையின் நடுவில் உருகியது. அந்தப் பிஸ்டன் இப்போது என் மேசையில் கடிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் குழாயைக் கழற்றி, செய்தித்தாள் மேல் வைத்து, சமையலறைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். உள்ளே புதினாச் சட்னி ஆறிப் போனது மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டம்மா அதற்கப்புறம் அந்தக் கத்தியைத் தொடவே இல்லை.

ஆக, குழாயை விட்டுவிட்டுக் கார்புரேட்டரை மட்டும் கழுவுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைக்கிற வேலை. துடைக்கிறவருக்கு மாதா மாதம் வருமானம். முதலில் எல்லாக் குழாயையும் கறுப்பு நிறப் பெட்ரோல் குழாயாக மாற்றச் சொல்லுங்கள். ஒரு முழம் பழசை விட்டாலும் போச்சு. கிளிப்பும் புதிது போடுங்கள், திருகு வால்வைப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள், வடிகட்டிக்குப் புது ஓ-ரிங். அதற்கப்புறம்தான் கார்புரேட்டர்.

இன்னொன்று, அந்த பில். 'ஃப்யூயல் சிஸ்டம் சர்வீஸ்' என்று ஒரே வரி எழுதியிருப்பார்கள், சத்தியமாக. எந்தப் பாகம், எத்தனை முழம், யாருக்குத் தெரியும்? அதே சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி வேலைக்கு முன்னால் மதிப்பீடு கேளுங்கள். 67ஆம் பிரிவுப்படி, கழற்றிய பழைய பாகங்களை அவர்கள் தனியே எடுத்து வைத்து, சுத்தமான பையிலோ டப்பாவிலோ திருப்பித் தர வேண்டும். "என் பழைய குழாய் எங்கே?" என்று கேளுங்கள். பை காலியாக இருந்தால் வேலை நடக்கவில்லை. மூன்றாம் கழுவலுக்குக் கொடுத்த பணத்தை 54ஆம் பிரிவைச் சொல்லித் திருப்பிக் கேளுங்கள், தரமான சேவை உங்கள் உரிமை.

இணையத்தில் கார்புரேட்டர் கிட் (பழுதுபார்க்கும் உதிரிபாகத் தொகுப்பு) 280 ராண்டுக்குக் கிடைக்கிறது. கார்புரேட்டர் தயாரித்த மிகுனி கம்பெனியின் அசல் கிட் பல மடங்கு விலை. எது? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அந்த மலிவு கிட்டை நானும் வாங்கினேன். ஊசி வால்வு அழுத்தத்தைப் பிடிக்கவில்லை. நிறுத்தி வைத்த ஜெட் ஸ்கீயில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இன்ஜினுக்குள் இறங்கியது. மறுநாள் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினேன். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, முகம், எல்லாம் பெட்ரோல். பிறகு அசல் கிட்டும் வாங்கினேன். ஆக, மலிவு கிட்டின் விலை 280 ராண்டும் ஒரு சட்டையும்.

தனியாள் ஒருவரிடம் 15,000 ராண்டுக்கு வாங்கினேன். பேட்டரி செத்துவிட்டது, மற்றபடி நன்றாக ஓடும் என்றார். பக்கியில் (பின்பக்கம் திறந்த சரக்கு வண்டி) ஏற்றி வந்துவிட்டேன். புது பேட்டரி போட்டும் ஓடவில்லை, சோக் இழுத்தால் மட்டும் உறுமுகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? (லெனேசியா)

அங்கே ஜம்ப் கேபிள் கிடைக்கவில்லையா? நீங்கள் போன பக்கியிலேயே ஒரு பேட்டரி இருந்ததே!

தனி ஆளின் விற்பனைக்கு நான் மேலே சொன்ன சட்டம் வராது. குறை தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால்தான் வழி உண்டு, அது லேசல்ல. சோக் போட்டால் உறுமுகிறது என்றால் பெட்ரோல் குறைவாகப் போகிறது, மேலே உள்ள பதில்களைப் படியுங்கள். ஆனால் செலவு செய்வதற்கு முன் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று, அளந்து பாருங்கள். இந்த இன்ஜின்களுக்குச் சுமார் 150 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) இருந்தால் நல்லது, சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் ஆகாது. ஒன்று 150, மற்றது 90 என்று காட்டினால் குழாயும் கிட்டும் வாங்காதீர்கள். இதை அவர் வீட்டு வாசலில் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

சொந்த ஜெட் ஸ்கீதானே, லைசென்ஸ் எதற்கு? (மெரிபேங்க்)

15 குதிரைத்திறனுக்கு மேல் போனால் ஸ்கிப்பர் (படகோட்டி) சான்றிதழ் வேண்டும். உங்களுடையது அதைவிடப் பல மடங்கு.

சீட்டைத் தூக்கினாலே பெட்ரோல் வாசனை அடிக்கிறது. பழைய ஜெட் ஸ்கீயில் இது சகஜம்தானே? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போகிறோம். (வெருலம்)

சகஜமில்லை. ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், ஜெட் ஸ்கீயின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். சீட்டைத் திறந்து வைத்து ஆவியைப் போகவிட்டு, கசிவை அடைத்த பிறகுதான் மற்றதெல்லாம். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் இந்தப் பகுதி வெளிவரும்வரை காத்திருக்காமல் வந்த அன்றே பதில் அனுப்பிவிட்டேன்.