அச்சில் இல்லாத சித்திரக்கதையை இணையத்தில் ஏற்றலாமா?

கேள்வி: 1998-இல் இரண்டு நண்பர்கள், ஒருவர் கதை, ஒருவர் படம் என்று உருவாக்கிய சித்திரக்கதை நான்கே இதழ்களில் நின்றுபோனது. நான்கும் என்னிடம் உள்ளன. ஸ்கேன் செய்து டெலிகிராம் குழு ஒன்றில் பகிர்ந்திருக்கிறேன். இனி இணையதளத்தில் எல்லோருக்கும் இலவசமாக வைக்க ஆசை. கதாசிரியர் 2011-இல் காலமானார். ஓவியர் இருக்கிறார், பேசியதில்லை. அப்போது வெளியிட்ட அச்சக உரிமையாளரோ உரிமை தன்னிடம் என்கிறார். ‘வெளியிடும் உரிமையை அளிக்கிறோம்’ என்று இருவரும் கையெழுத்திட்ட கடிதம் அவரிடம் உள்ளது. அதில் காலக்கெடு இல்லை. காசு வாங்காததால் தவறில்லைதானே?
— வாசகர், ஈரோடு

பதில்: தவறுதான். கடையில் கிடைக்காத புத்தகத்துக்கு உரிமையாளர் இல்லை என்ற நினைப்பு சித்திரக்கதை ரசிகர்களிடம் பரவலாக இருக்கிறது. மறுபதிப்பு வராததால் பதிப்புரிமை போய்விடாது. பதிவு செய்யாவிட்டாலும் அது உண்டு. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, படைப்பாளி இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அதாவது கதாசிரியரின் எழுத்துக்கு 2071 முடியும்வரை. ஓவியருக்கு அந்தக் கணக்கே இன்னும் தொடங்கவில்லை.

அச்சக உரிமையாளரின் கடிதத்தைப் பார்த்து நீங்கள் மிரள வேண்டாம். உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்கிறது 19-ஆம் பிரிவு. உங்கள் கேள்வியில் உள்ள ஒரு வரியைத் தவிர அதில் வேறொன்றும் இல்லையென்றால், 2003-ஆம் ஆண்டோடு அவர் கதை முடிந்தது. அந்த இருவரும் அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் முதலாளிதான், நான் சொன்னது அத்தனையும் தலைகீழாகிவிடும். கடிதத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

ஆக, நீங்கள் கேட்க வேண்டியது ஓவியரையும் கதாசிரியரின் வாரிசுகளையும். எழுத்து ஒருவருடையது, படம் ஒருவருடையது என்று பிரித்தறிய முடிவதால் ஒருவர் சம்மதம் மற்றவருக்கும் சேர்த்து ஆகாது. வாரிசுகள் மனைவி, பிள்ளைகள் என்று பலர் இருந்தால் எல்லோரும் கையெழுத்திடட்டும். மூத்த மகன் தலையாட்டினார் என்று ஏற்றிவிட்டு, பிறகு இளைய மகளின் நோட்டீசுடன் என்னிடம் வந்தவர்கள் உண்டு.

சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். முத்திரைத்தாள் தேடி அலைய வேண்டாம், ஒரு பக்கக் கடிதம் போதும். எந்த இதழ்கள், எந்த இணையதளம், பதிவிறக்கம் உண்டா இல்லையா, எத்தனை ஆண்டுகள், இலவசம் என்ற விவரம் ஆகியவை அதில் வரட்டும். ஆண்டுகளைக் கட்டாயம் எழுதுங்கள். அச்சக உரிமையாளரைக் கவிழ்த்த அதே ஐந்தாண்டு விதி உங்களையும் கவிழ்க்கும். ஸ்கேனில் வண்ணத்தைச் சீராக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். உரிமையைக் கைமாற்றிய பிறகும் தன் பெயர் இடம்பெறவும், தன் பெயர் கெடும்படி படைப்பு சிதைக்கப்பட்டால் தடுக்கவும் படைப்பாளிக்கு 57-ஆம் பிரிவு தனி உரிமை தருகிறது.

இலவசம் என்பது எவ்வளவு உதவும்? 63-ஆம் பிரிவின்படி தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். இது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, நீதிமன்றம் மனம் வைத்தால் மட்டுமே ஜாமீன் கிடைக்கும் குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நான்கு பழைய இதழ்களுக்காகப் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் ‘யார் கேட்கப்போகிறார்கள்’ என்பதைச் சட்ட ஆலோசனையாக எழுதித்தர முடியாது.

வாரிசுகள் கிடைக்கவே இல்லையென்றால் 31ஏ பிரிவின்கீழ் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். செலவு இதழின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். விமர்சனக் கட்டுரை எழுதி, தேவையான சில கட்டங்களை மட்டும் எடுத்துக்காட்ட யார் அனுமதியும் வேண்டாம். கையில் உள்ள அசல் இதழ்களை விற்கலாம், நூலகத்துக்குக் கொடுக்கலாம்.

டெலிகிராமில் உள்ள கோப்புகளை இன்றே நீக்குங்கள். பிறகு ஓவியரைப் போய்ப் பாருங்கள். போகும்போது நான்கு இதழ்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவரிடமே பிரதி இல்லாமல் இருக்கலாம்.