டெண்டர் வக்கீலுக்கு ஒட்டாவாவுல வேலை இருக்கா?

தம்பி, மதுரைல ஏழு வருஷமா காண்ட்ராக்டர்களுக்கு டெண்டர் கேஸ் பாக்குறேன், ஒட்டாவா வந்தா அதே லைன்ல போக முடியுமா, சம்பளம் எவ்ளோ, குளிர் தாங்குமா, பிள்ளைக்கு ஸ்கூல் எப்படின்னு கேட்டிருக்கீங்க. நல்ல ஜாக்கெட் வாங்கிக்கங்க, ஸ்கூல் நல்லாத்தான் இருக்கு, சம்பளம் ஆளைப் பொறுத்தது. முதல் கேள்விக்கு மட்டும் விவரமா சொல்றேன், ஏன்னா பதினாலு வருஷம் முன்னாடி இதே கேள்விய நான் இங்க ஒரு நம்மாளுகிட்ட கேட்டப்ப அவர் சிரிச்சிட்டு "வக்கீலா? பேசாம ஐடி கோர்ஸ் ஒண்ணு படிங்க"ன்னாரு. அவருக்கு வக்கீல்னா பார்க்கிங் டிக்கெட் கேன்சல் பண்றவர். இப்பவும் அதுக்குத்தான் போன் பண்றாரு.

வழி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வெளிநாட்டு சட்டப் படிப்ப எடைபோடுற என்சிஏங்கிற அமைப்பு உங்க டிகிரிய மதிப்பிட்டு கனடா அரசியலமைப்பு, கிரிமினல், நிர்வாகச் சட்டம்னு பரீட்சை எழுதச் சொல்லும், அப்புறம் நம்ம பார் கவுன்சில் மாதிரி இருக்குற ஒன்டாரியோ லா சொசைட்டியோட பாரிஸ்டர், சொலிசிட்டர்னு ரெண்டு பரீட்சை, நடுவுல ஆர்ட்டிக்ளிங், அதாவது ஒரு வக்கீல்கிட்ட ஜூனியரா தொழில் பழகுறது. பரீட்சைய பாஸ் பண்ணிடலாம், ஆர்ட்டிக்ளிங் கிடைக்கத்தான் செருப்பு தேயும். ரெண்டு வருஷம் ராத்திரி வேர்ஹவுஸ்ல பெட்டி அடுக்கிட்டு, பகல்ல படிச்சேன். இதை எந்த கன்சல்டன்சிக்காரனும் சொல்ல மாட்டான்.

ஆனா உங்களுக்கு நான் சொல்ல வந்த எச்சரிக்கை வேற. ஊர்ப் பழக்கத்தோட வராதீங்க. நம்ம 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துலயும் அப்பீலுக்கு பத்து நாள்தான், ஆனா அதை யாரு கண்டுக்கிட்டா? மதுரை கிளைல ரிட் போட்டு ஸ்டே வாங்கிடலாம்னுதானே இருப்போம். இங்க ஃபெடரல், அதாவது மத்திய அரசு டெண்டர்ல குறைன்னா இன்டர்நேஷனல் டிரேட் ட்ரிப்யூனலுக்குப் போகணும், குறை தெரிஞ்சதுலேருந்து பத்து வேலை நாள், அதுக்குள்ள புகாரோ இல்ல டிபார்ட்மென்ட்டுக்கு ஆட்சேபணையோ போயிருக்கணும். நாள் தவறுனா அநேகமா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. பெரும்பாலும் எழுத்துலயே முடிஞ்சிரும், எழுந்து நின்னு "மை லார்ட்"ன்னு முழங்குற வேலையே இல்ல.

நான் பட்டது சொல்றேன். ஆர்ட்டிக்ளிங்ல இருந்தப்ப ஒரு கிளையன்ட், டெண்டர் நிபந்தனையே ஒரு கம்பெனிக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்குன்னாங்க. நான் பெரிய புத்திசாலி மாதிரி, இப்ப சண்டை வேணாம், விலை போடுங்க, தோத்தா பாத்துக்கலாம்னு மெமோ எழுதிக் குடுத்தேன். தோத்தாங்க. புகார் போட்டா, நிபந்தனை தப்புன்னா படிச்ச அன்னிக்கே தெரியுமே, இவ்ளோ நாள் என்ன பண்ணீங்கன்னு தள்ளிட்டாங்க. காத்திருந்து பாக்குறது ஆகாதுன்னு 2002லயே ஃபெடரல் அப்பீல் கோர்ட் சொல்லியிருக்கு, நான்தான் படிக்கல. என் மெமோவ படிக்காமலே அனுப்புன பாஸ், கிளையன்ட் முன்னாடி என்னைக் கைகாட்டுனாரு. அது இன்னும் ஆறல.

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். 1981 ரான் எஞ்சினியரிங் கேஸ்ல 27,48,000 டாலருக்கு டெண்டர் போட்ட கம்பெனி, சொந்த ஆட்களோட கூலி ஏழரை லட்சத்தைச் சேக்க மறந்துடுச்சு. டெண்டர் முடிஞ்ச கொஞ்ச நேரத்துலயே ஓடிப்போய் சொன்னாங்க, ஒண்ணும் நடக்கல, ஒன்றரை லட்சம் டெபாசிட் போச்சு. ஏன்னா டெண்டர் போட்டாலே ஒரு ஒப்பந்தம் வந்துருது, அதுக்குப் பேரு காண்ட்ராக்ட் ஏ. வேலை கையெழுத்தாகுறது காண்ட்ராக்ட் பி. இந்த ஏ, பி மண்டைல ஏறிட்டா பாதி வேலை தெரிஞ்ச மாதிரி, இ.எம்.டி.ங்கிற டெண்டர் டெபாசிட் பறிபோய் அழுத எத்தனை காண்ட்ராக்டர நீங்க பாத்திருப்பீங்க, உங்களுக்குச் சீக்கிரம் ஏறும். அந்த வகைல நம்ம அனுபவம் வீண் இல்ல, யாராவது வீண்னு சொன்னா காதுல வாங்காதீங்க.

ஃப்ரெஞ்சையும் இப்பவே ஆரம்பிங்க. கொள்முதல் டிபார்ட்மென்ட் ஆபீஸ் ஆத்துக்கு அந்தப் பக்கம் கியூபெக்ல இருக்குற காட்டினோங்கிற ஊர்ல, ரெண்டு மொழி தெரிஞ்சவனுக்குத்தான் அங்க மரியாதை. நாப்பது வயசுல நான் கத்துக்கிட்டேன். முப்பது வருஷமா இங்க இருந்துட்டு "போன்ஜூர்" தாண்டாத நம்மாளுங்க இருக்காங்க, அவங்கதான் அரசாங்கம் நம்மள எடுக்க மாட்டேங்குதுன்னு கல்யாண வீட்ல புலம்புவாங்க.

லைசன்ஸ் வந்த அன்னிக்கு கே.கே. நகர்ல இருந்த என் சீனியருக்கு போன் போட்டேன். சந்தோஷப்பட்டுட்டு, அங்க என்ன மாதிரி கேஸ்ப்பான்னாரு. 1999 எம்.ஜே.பி. தீர்ப்பைச் சொன்னேன், டெண்டர்ல கையால ஒரு குறிப்பு எழுதி நிபந்தனை போட்டவனுக்கு வேலையக் குடுத்துட்டாங்க, அது செல்லாத டெண்டர்னு சுப்ரீம் கோர்ட் சொல்லி அடுத்தவனுக்கு கிட்டத்தட்ட நாலு லட்சம் டாலர் நஷ்டஈடு குடுத்துச்சுன்னு. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தா, மனுஷன் மெதுவா கேக்குறாரு, "ஏம்ப்பா, அது என் கையெழுத்தே இல்லன்னு ஒருத்தனும் சொல்லலியா?"