காணாமல் போகும் டி டிரைவ்: ஃபார்மட் அடிப்பதற்கு முன்

கேள்வி: வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறேன். 2018-ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். விண்டோஸ் 240 ஜிபி எஸ்எஸ்டியில் இருக்கிறது. வேலை ஃபைல்கள் எல்லாம் 1 டிபி ஹார்ட் டிஸ்கில், டி டிரைவாக. ஒரு மாதமாக வேலை நடுவில் டி மறைந்துவிடுகிறது. அதற்குச் சற்று முன் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அணைத்துப் போட்டால் திரும்ப வருகிறது. சர்வீஸ் கடையில் “பேட் செக்டார், ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்” என்கிறார்கள். பல வருடக் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் அதில்தான் இருக்கின்றன. ஃபார்மட் செய்யலாமா? புதிதாக வாங்குவதென்றால் எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்கா?

பதில்: ஃபார்மட் வேண்டாம். அடுத்த முறை டி தெரியும்போது, திரும்பச் செய்யவே முடியாத ஃபைல்களை மட்டும் முதலில் ஒரு பென் டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். முழு டிரைவையும் காப்பி போட இப்போது உட்கார வேண்டாம். அதற்கு முன் கோளாறு டிஸ்கிலா, டிஸ்குக்குப் போகும் வயரிலா என்று தெரிய வேண்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு வயர் மேல்தான் முதல் சந்தேகம்.

காரணம் அந்த ஒற்றை ‘டிக்’. ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் ஒரு நொடி அறுந்தாலும், சுழலும் தட்டின் மேல் தகவலைப் படித்து எழுதும் அதன் ஹெட் அவசரமாகத் தன் இருப்பிடத்துக்குத் திரும்பிவிடும். தட்டின் மேல் விழுந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அப்போது எழும் சத்தம் ஒரே ஒரு ‘டிக்’. பிறகு மோட்டார் மறுபடி வேகமெடுக்கும் ‘உய்ய்’ என்ற ஓசை கேட்கும். டிஸ்கே போய்விட்டால் சத்தம் வேறு மாதிரி: ‘டக்... டக்... டக்...’ என்று தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டே இருக்கும். ஹெட் தன் தடத்தைத் தேடித் தேடித் தோற்கும் சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படிவதுதான் மிச்சம்.

காதை மட்டும் நம்ப வேண்டியதில்லை, டிஸ்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். எண்கள் பதினாறின் அடிமானத்தில் தெரியும். ஃபங்ஷன் மெனுவில் ரா வேல்யூஸ் என்பதை டெசிமலுக்கு மாற்றிவிட்டுப் படியுங்கள். உங்களுக்கு வேண்டியது மூன்று வரிகள்தான். டிஸ்க் தகவலை எழுதி வைக்கும் சிறு துண்டுக்கு செக்டார் என்று பெயர். 05 என்பது பழுதாகி ஒதுக்கப்பட்டு, அதற்குப் பதில் உபரி இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி7 என்பது டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்த தகவல்களின் எண்ணிக்கை. சி7 ஏறியிருந்து மற்ற இரண்டும் பூஜ்யமாக இருந்தால் டேட்டா கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூன்றுமே பூஜ்யமாக இருந்து டிரைவ் மட்டும் மறைந்தால் பவர் வயரைப் பாருங்கள். சீகேட் டிஸ்க் என்றால் 01, 07 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் நிற்கும். அது அந்த நிறுவனம் எண்ணை எழுதும் முறை, பயப்பட வேண்டாம்.

இப்போது கேபினெட்டைத் திறக்கலாம். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டு, கேபினெட்டின் இரும்பை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். டேட்டா கேபிளை மாற்றுங்கள். சாட்டா கேபிளின் விலை மிகச் சொற்பம், பழையதைத் துடைத்துச் செருகிக் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகுங்கள். பிறகு பவர் வயர். மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் கனெக்டர் போதவில்லை என்று பழைய நாலு பின் மோலெக்ஸில் ஒரு கன்வெர்ட்டர் போட்டு டிஸ்குக்குக் கொடுத்திருப்பார்கள். எஸ்எஸ்டியைப் பிறகு சேர்த்த கம்ப்யூட்டர்களில் இது சகஜம். உங்களுடையதிலும் இருந்தால் ஆள் அகப்பட்டான். அந்த பின்கள் தளர்ந்துவிடும்; வயரோடு சேர்த்து பிளாஸ்டிக்கில் வார்த்த மலிவான மோல்டட் கன்வெர்ட்டர்கள் உருகித் தீப்பிடித்ததும் உண்டு. கழற்றிப் போட்டுவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரும் கனெக்டரைக் கொடுங்கள். இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றுவது மேல். டிஸ்க் ஸ்குரூ இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தால் அதையும் முடுக்கிவிடுங்கள்.

சி7 எண் ஒரு முறை ஏறினால் இறங்காது. கேபிள் மாற்றிய அன்று அதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரு வாரம் அதே எண்ணில் நின்று, டிரைவும் மறையாமல் இருந்தால் கோளாறு வயரோடு போயிற்று. விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரும் சாட்சி சொல்லும். 129 என்ற எண்ணில் பதிவுகள் இருந்தால் டிஸ்க் பதில் சொல்லாததால் ரீசெட் செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். 7 என்றால் நிஜமாகவே பேட் பிளாக்.

சரி, சி5-ல் எண் இருந்தால்? கடைக்காரர் சொன்னது அப்போது பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்து. படிக்க முடியாத செக்டாரை டிஸ்க் தானாகத் தூக்கி எறிவதில்லை, உள்ளே உங்கள் ஃபைல் இருக்கலாம் என்று வைத்திருக்கும். அதன் மேல் புதிதாக ஏதாவது எழுதப்படும்போதுதான் அதைத் தேற்றுவதா, ஒதுக்குவதா என்று முடிவெடுக்கும். விஸ்டாவுக்குப் பிறகு விண்டோஸின் முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதுகிறது. ஆகவே சி5 காலியாகும். “சரியாயிடுச்சு பாருங்க” என்று காட்டுவார்கள். உங்கள் டிசைன்களும் அதோடு காலி. தேய்ந்த தட்டு மட்டும் அப்படியே இருக்கும். கூகுள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், முதல் செக்டார் ஒதுக்கப்பட்ட டிஸ்க் அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட 14 மடங்குக்கு மேல் என்று இருக்கிறது. அதே கட்டுரையில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல் முக்கியமான ஸ்மார்ட் வரிகளில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே போயின என்றும் இருக்கிறது. எண் ஏறினால் நம்புங்கள், ஏறாததை நம்பி இருந்துவிடாதீர்கள்.

அதேபோல செக்டிஸ்க். இது ஃபைல் சிஸ்டத்தை நேராக்கும் கருவி, உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. சாகக் கிடக்கும் டிஸ்கில் அதை ஸ்லாஷ் ஆர் (/r) போட்டு ஓடவிட்டால் ஒவ்வொரு செக்டாரையும் மணிக்கணக்கில் குடைந்து, இருக்கிற உயிரையும் எடுத்துவிடும். காப்பி முடிந்த பிறகு வேண்டுமானால் ஓட்டிப் பாருங்கள்.

காப்பி எடுக்க எக்ஸ்புளோரரில் இழுத்துப் போட்டால் ஒரு கெட்ட ஃபைலில் மாட்டி நின்றுவிடும். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற கட்டளை அதைத் தாண்டிப் போகும், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் படிக்க முடியாத ஒரு ஃபைலை 30 நொடிக்கு ஒரு தரம் பத்து லட்சம் முறை முயன்றுகொண்டிருக்கும். ஸ்லாஷ் ஆர்:1 ஸ்லாஷ் டபிள்யூ:1 (/r:1 /w:1) என்று சேர்த்துக் கொடுங்கள்; ஒரு நொடி பொறுத்து ஒரே ஒரு முறை மட்டும் மறுபடி முயலும். சி5-ல் எண் நூற்றுக்கணக்கில் இருந்தால் லினக்ஸ் தெரிந்தவரைப் பிடித்து டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளில் எடுக்கச் சொல்லுங்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்டதற்குக் கடைசியில் திரும்பி வரும்.

காப்பியை எங்கே வைப்பது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் “டியில் இருப்பதையெல்லாம் இ-யிலும் வைத்திருக்கிறேன்” என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். டியும் இ-யும் பெரும்பாலும் ஒரே டிஸ்கின் இரண்டு அறைகள். வீடு இடிந்தால் இரண்டு அறையும்தான் போகும்.

புதிதாக வாங்குவது பற்றி: வேலை நடக்கும் ஃபைல்களுக்கு எஸ்எஸ்டி, முடிந்த டிசைன்களைச் சேர்த்து வைக்க ஹார்ட் டிஸ்க். சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்று சேர்க்கும் டீஃபிராக்கை எஸ்எஸ்டிக்குச் செய்ய வேண்டாம்; விண்டோஸின் ஆப்டிமைஸ் அதற்கு வேண்டிய டிரிம்மை, அதாவது அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வதை, தானே செய்துகொள்ளும், அதை நிறுத்தாமல் இருந்தால் போதும். முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் காலியிடமும் விட்டு வையுங்கள். ஆனால் எஸ்எஸ்டியில் பேக்கப் எடுத்து பீரோவில் பூட்டி வைப்பது சரிப்படாது. மின்சாரமே காட்டாமல் வைத்தால் அதன் சார்ஜ் மெல்லக் கசியும், வெயில் ஏறும் அறையில் இன்னும் வேகமாக. எஸ்எஸ்டி போகும்போது ‘டிக்’ என்றுகூடச் சொல்லாது. உங்கள் பழைய 1 டிபி டிஸ்க், வயர் மாற்றியதில் பிழைத்து சி5-ம் பூஜ்யமாக இருந்தால், இரண்டாவது காப்பிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே காப்பிக்கு அதை நம்ப வேண்டாம்.