பந்தலுக்குள் எத்தனை மணி நேரம் ஈரம்?

கேள்வி: உத்தமபாளையம் பக்கம் 2 ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறேன். வேலை மதுரையில், வாரம் ஒருமுறைதான் தோட்டத்துக்குப் போக முடிகிறது. போன ஐப்பசியில் அடிச்சாம்பல் நோய் விழுந்து பூங்கொத்து பாதிக்குமேல் கருகிவிட்டது. செல்போனிலேயே பார்க்கிற வயர்லெஸ் வானிலைக் கருவியை மோட்டார் ரூம் மொட்டைமாடியில் மாட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். மண்ணில் உள்ள சத்தையும் காட்டுமாம். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம் ஐயா, ஆனால் மொட்டைமாடிக்கு வேண்டாம். காலை 9 மணிக்கு மாடித்தளம் சுடும். அதே நேரம் பந்தலுக்குள் போனால் இலை நுனியில் பனித்துளி தொங்கும். நோய் வருவது பந்தலுக்குள். உங்களுக்கு வேண்டிய கணக்கும் அங்கேதான் இருக்கிறது. பொதுவான மழை, வெயில் விவரத்துக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வட்டார வானிலை நிலையங்களே போதும், அதற்குத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

அடிச்சாம்பல் பூசணம் ராத்திரி இருட்டில், ஈரப்பதம் 95 சதத்துக்கு மேல் நாலு மணி நேரமாவது நின்றால் இலையின் அடிப்புறத்தில் வெள்ளையாக வித்துகளை விடும். விடியலில் இலை இரண்டு மூன்று மணி நேரம் நனைந்தே கிடந்தால் அந்த வித்து உள்ளே இறங்கிவிடும். இலையில் எண்ணெய் பட்டதுபோன்ற நோய்ப்புள்ளி கண்ணுக்குத் தெரிய ஒரு வாரம் வாக்கில் ஆகும். வாரம் ஒருமுறை போகிற நீங்கள் தாமதமாகப் பார்ப்பது இதனால்தான். இதற்கு மழையே பெய்ய வேண்டாம், பனி போதும். ஆகவே கருவியில் இலை ஈர சென்சார் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சில வெளிநாட்டுச் செயலிகள் 10 செ.மீ. தளிர், 10 மி.மீ. மழை, 10 டிகிரி என்று மூன்று பத்தை வைத்து எச்சரிக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் 10 டிகிரிக்கு மேல் இல்லாத நாள் ஏது?

ஈர சென்சாரைப் பந்தலின் நடுப்பகுதியில், இலைகளோடு இலையாகச் சாய்வாகக் கட்டுங்கள். முதல் வாரம் தோட்டத்தில் இருக்கும் ஆளைக் காலையில் இலையைத் தொட்டுப் பார்த்து, "ஈரம்", "காய்ஞ்சிருச்சு" என்று உங்களுக்கு வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கருவி என்ன எண் காட்டியது என்று ஒப்பிட்டால், எந்த எண்ணுக்கு மேல் போனால் ஈரம் என்பது பிடிபட்டுவிடும். வெப்பம், ஈரப்பதம் அளப்பதும் பந்தலுக்குக் கீழேதான், வெயில் படாமல் காற்று மட்டும் ஓடும் வெள்ளைத் தட்டுக் கூண்டுக்குள். சோலார் பலகையும் ஆன்டெனாவும் மட்டும் பந்தலுக்கு மேலே நிற்கட்டும். பச்சை இலையும் பந்தல் கம்பியும் அலைவரிசையை விழுங்கிவிடும்.

மழைமானி திறந்த வெளியில், மட்டம் பார்த்து நிற்க வேண்டும். பக்கத்து மரம் மானியின் வாயை விட எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். வாய் 20 செ.மீ. அகலமாக இருந்தால் 314 மி.லி. தண்ணீர் 10 மி.மீ. மழைக்குச் சமம். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, மூடியில் ஊசித்துளை போட்டு, மானிக்குள் ஒரு மணி நேரம் சொட்டவிட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பது 0.2 மி.மீ. மழைக்கு ஒருமுறை கவிழும் கிண்ணம் என்றால் 50 தடவை கவிழ வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் உள்ளே சிலந்திதான் கூடு கட்டியிருக்கும்.

சிக்னல் போனாலும் பதிவு நிற்கக்கூடாது. அளவுகளைப் பதிந்துவைக்கும் டேட்டா லாகர் எத்தனை நாள் பதிவைத் தன்னிடமே சேர்த்துவைக்கும் என்று கேட்டு, எழுதி வாங்குங்கள். சிம் இல்லாமல் ரேடியோ அலையில் தூரத்துக்குத் தகவல் அனுப்பும் லோரா வகை என்றால் நம் நாட்டில் உரிமம் தேவைப்படாத 865–868 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதாக இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 915 மெகாஹெர்ட்ஸ் கருவியை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கந்தகம் அடிக்கும்போது சென்சாருக்குப் பாலிதீன் உறை போட்டு, முடிந்த கையோடு எடுத்துவிடுங்கள். ஈரப்பதச் சென்சார் நாளாக ஆகப் பொய் சொல்லும். கழற்ற முடிந்தால், ஈரமணல் பதத்தில் நனைத்த கல்லுப்போடு, உப்பு சென்சாரில் படாமல், காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி மூடிவையுங்கள். காலையில் 75 சதம் காட்டினால் சரி. ஐந்துக்கு மேல் விலகினால் மாற்றச் சொல்லுங்கள்.

மண்சத்து காட்டும் ஊசி வேண்டவே வேண்டாம். அது அளப்பது மண்ணின் உப்புக் கடத்தலை. அதிலிருந்து தழை, மணி, சாம்பல் சத்து என்று மூன்று எண்ணை ஊகித்துப் போடுகிறது. அந்தப் பணத்தில் இன்னொரு இலை ஈர சென்சார் வாங்கி, காற்று குறைவாக ஓடும் மூலையில் கட்டுங்கள்.